மணியன் பிடிபட்டான்

கமலவேணிக்கு அலுத்துப்போய்விட்டது. அண்ணன் சண்முகவேலின் மண்டைக் காயத்துக்கு மறுபடியும் மஞ்சள் அரைக்க வேண்டியிருந்தது.

“இன்னைக்கும் மணியன் கல்லுல அடிச்சானா?”

“ஆமா புள்ள! சரியான முரடன். நாளைக்கு எல்லாரும் தடி கொண்டுக்கிட்டுப் போறோம். அவன் காலை ஒடிச்சாத்தான் அடங்குவான்.”

“நீங்க அவனை என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணுமே பண்ணலையே! ஆட்டத்துல கூடச் சேத்துக்கிட்டோம்.”

மறுநாள் சாயங்காலம் கமலவேணியும் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனாள். புளியமரத்தடியில் தடிகள் தயாராகக் கிடந்தன.

மணியன் “சடுகுடு சடுகுடு” என்று பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் நுழைந்தான். அவனைப் பிடிக்க வேண்டிய பையன்களோ கோழிக்குஞ்சுகள் மாதிரி சிதறி, எல்லைக்கு வெளியே ஓடினார்கள். மணியன் சேரிப் பையன். அவனைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள்.

“நான் செயிச்சுட்டேன்!” என்றான் மணியன்.

“அது செல்லாது. உன்னைய யாரும் புடிக்கலையே!”

“புடிக்க வந்தாத்தானே?”

எல்லாரும் சிரித்தார்கள். மணியன் குனிந்து கல்லை எடுத்தான். பையன்கள் தடிகளை நோக்கி ஓடினார்கள்.

“நிறுத்துங்கடா!” கமலவேணி நடுவில் போய் நின்றாள். “சேத்துக்கிட்டோம்னு சொன்னியே அண்ணா, இதுதான் சேக்கற லட்சணமா? டேய் மணியா, உனக்குந்தான் சொல்றேன்! மஞ்சள் அரைச்சே என் கை ஓஞ்சு போச்சு. கல்லைக் கீழே போடு. மறுபடி பாடிட்டு வா, நான் புடிக்கறேன்.”

“உங்கம்மா வையுமே?”

“வைஞ்சா வைஞ்சுட்டுப் போகட்டும். நீ பாடு!”

கல் கீழே விழுந்தது. மணியன் பாடிக்கொண்டே வந்தான். கமலவேணி பாய்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவனோ அவளையும் சேர்த்துப் புழுதியில் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நகர்ந்தான்.

“பாத்துக்கிட்டே நிக்கறயே அண்ணா! கோட்டைத் தொடப் போறான், புடி!”

சண்முகவேல் தவித்தான். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் கோடு இன்னும் ஒரு சாண்தான் இருந்தது! தாவி மணியனின் இடுப்பைப் பிடித்தான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் மணியனின் பாட்டு நின்றுபோனது.

“தோத்துட்டே!” என்று கத்தினான் சண்முகவேல்.

மணியன் எழுந்தான். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“ஆமா, தோத்துட்டேன்! எல்லாருஞ் சேந்து புடிச்சுட்டீங்க!” என்று கூவிக்கொண்டே கோட்டுக்கு வெளியே ஓடினான்.

கமலவேணி பாவாடைப் புழுதியைத் தட்டிக்கொண்டாள்.

“போச்சு! இனி இவன் முழங்காலுக்கும் நான்தான் மஞ்சள் அரைக்கோணும்!”