கெர்னலைக் கட்டியவன்

வெள்ளிக்கிழமை பூட்டிய அறை. ஆனாலும் விசைப்பலகை ஈரமாக இருந்தது. கலோலைன் விரலை முகர்ந்து பார்த்தாள். கடல் வாடை.

கூரை ஒழுகியிருக்கும் என்று துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கடல் திடீரென்று உள்வாங்கினால் அபாயச் சங்கை ஊதவைக்கும் கணினி அது. இரண்டு வாரமாக அடிக்கடி உறைந்துபோனது. காரணம், அதன் கெர்னல் பழையது. கெர்னல் என்பது எந்திரத்துக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் வேலை வாங்கும் உட்கரு. ஞாயிறன்று தீவில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. மாற்ற இதுதான் நேரம்.

மண்ணடுப்புப் புகை வாசனையோடு கணவன் செமிசி ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமையும் வேலையா? பாதிரியார்கிட்ட போட்டுக் குடுக்கட்டா?"

"போய்யா. நீ ஆராதனைக்குப் போகாம இங்க நிக்கிறத நான் சொல்லட்டா?"

"லூபே இன்னைக்குத் தனியாப் பாடுறா. அம்மா எங்கன்னு தேடுவா."

"எம்பொண்ணு பாடுறத விடுவேனா? பத்து நிமிஷம், வந்துடறேன்."

அவன் கரையோரத் தேவாலயத்துக்கு நடந்தான்.

மூலநிரலிலிருந்து கட்டினால் இந்தக் கிழட்டு எந்திரத்துக்கு ஒரு பகல் பிடிக்கும். அதனால் தலைநகர் அலுவலகம் கட்டி முடித்த பொதியையே அனுப்பியிருந்தது. பிரித்தால் போதும், புதிய கெர்னல் பழையதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழையதை யாரும் அழிப்பதில்லை. புதியது சொதப்பினால் திரும்பிப் போக வழி வேண்டுமே. நிறுவினாள். அணைத்து எழுப்பினாள். எழுந்தது.

ஒவ்வொரு கெர்னலும் தன்னைக் கட்டியது யார், எந்தக் கணினியில், எப்போது என்பதை ஒரு வரியாகச் சுமந்து வரும். சரியானதுதான் ஓடுகிறதா என்று அந்த வரியைக் கணினியிடம் கேட்டுப் பார்ப்பது வழக்கம். தலைநகர் அலுவலகத்தின் பெயர் வர வேண்டும். கேட்டாள்.

பயேயா. இதே கணினி. இன்று காலை ஐந்து மணி.

பயேயா அவளோடு இங்கே வேலை பார்த்தவன். போன வருடம் ஆழிப்பேரலை வந்தபோது, ஊதாத சங்கை ஊதவைக்க இந்த அறைக்கு ஓடிவந்தான். அவளை மூன்று முறை போனில் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவன் உடல் கிடைக்கவே இல்லை.

மறுபடி அணைத்தாள். பழையதற்குத் திரும்பிவிடலாம்.

எழும்போது திரை காட்டும் கெர்னல் பட்டியலில் பழையது இல்லை. ஒரே ஒரு வரி. அது தானாக எழுந்தது.

இப்போது கணினிக்குள் நுழைந்திருப்பவர்கள் யார் யார் என்று அதையே கேட்டாள். கலோலைன். பயேயா. இருவருக்கும் இடம் ஒன்றே: இந்த விசைப்பலகை.

நாற்காலிக்கு அடியில் சொட்டும் சத்தம்.

திரையில் கடல்மட்டம் இறங்கியது. மேலும் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பவளத்திட்டு வெட்டவெளியில் பளபளத்தது. மீன்கள் துள்ளின.

சங்கு ஊதவில்லை.

சங்கை ஊதவைக்கும் கட்டளையைத் தட்டினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. மீண்டும் தட்டினாள். அழிந்தன.

எழ முயன்றாள். கைகள் வரவில்லை.

அவள் விரல்களின் மேல் சில்லென்ற விரல்கள் அமர்ந்திருந்தன. அமுக்கின. விசைகளின் இடுக்கில் உப்புநீர் ஊறியது.

தேவாலயத்தில் எல்லாக் குரல்களும் அடங்கின. லூபே தனியாகப் பாடத் தொடங்கினாள்.