அப்பாவின் பெயர் ஒட்டிய டப்பா

அப்பா கழற்றிப் போட்ட காலுறையின் நுனி ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை. வினோதா அதை வாளியில் அமுக்கியபோது தண்ணீர் மெல்லச் சிவந்து, அழுகிய பழத்தின் வாடை எழுந்தது. நாற்பது நாளாக ஆறாத புண். கம்பெனி ஷூ கடித்து, கட்டைவிரலோரம் வந்த சின்னக் கொப்புளம்தான். இப்போது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழிந்துவிட்டது. வலிக்கவே இல்லை என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைப் பயமுறுத்தியது.

இரண்டு மாதம் முன்பு, அப்பா போய்வந்த பாத்ரூம் தரையில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தவள் அவள்தான். அந்த வாரம் கம்பெனியில் மருத்துவச் சோதனை. சர்க்கரை இருந்தால் கான்ட்ராக்ட்காரர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். வீட்டிலிருந்து சிறுநீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்த டப்பாவில் 'ஆஞ்சப்பன்' என்று ஒட்டியிருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தது வினோதா. யாரும் கேட்கவில்லை; அவளாகவே கொடுத்தாள்.

"பதினேழு வயசுன்னு ரிப்போர்ட்டு வந்துட்டா என்னா பண்றது?" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

புண் வந்தபின், பாகலூர் மருந்துக்கடைக்காரர் அதற்குக் கட்டுப் போடும்போது கேட்டார்: "சக்கரை இருக்குதுங்களா?"

"கம்பெனில பாத்தாங்க. சுத்தமா இல்லீங்க," என்றார் அப்பா.

அந்த ரிப்போர்ட்டை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். வினோதா வாயைத் திறந்தாள். பிறகு களிம்புக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தாள்.

இன்று நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அப்பா உள்ளறையில் தூங்கினார். வெயில் வராமலிருக்க ஜன்னலில் போர்வை தொங்கியது. அம்மா ரோஜாக் கொட்டகைக்குப் பூ வெட்டப் போயிருந்தாள். அப்பா எழுந்ததும் அந்த ரிப்போர்ட் பொய் என்று சொல்லிவிட வேண்டும், வேலை போனாலும் போகட்டும், இன்றே ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வினோதா அடுப்படியில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சாலையில் போகும் லாரிகளின் இரைச்சலுக்கு அடியில், மின்விசிறியின் கிறீச்சுக்கும் அடியில், வேறொரு சத்தம் கேட்டது.

நறுக்.

யாரோ பொறுமையாக நகம் வெட்டுவது போல.

நின்றது. மறுபடி, நறுக்.

எழுந்துவிட்டார் போல. கதவைத் தள்ளினாள். இருட்டு. அந்த வாடை. சீரான மூச்சு. எழவில்லை. சத்தம் கால்மாட்டிலிருந்து வந்தது.

போன் டார்ச்சை அடித்தாள்.

கட்டுத்துணி தரையில் கிடந்தது. ஒரு பெருச்சாளி கட்டைவிரலை முன்னங்கால்களால் பிடித்திருந்தது. வெளிச்சத்துக்கு அது ஓடவில்லை.

"லைட்ட அணைம்மா," கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார். "இன்னுங் கொஞ்ச நேரம் தூங்கிக்கறன்."

கால் அசையவில்லை. பெருச்சாளி மறுபடி குனிந்தது.