எத்தனாவது பிரசவம்?

ஐப்பசி மழை காலையிலிருந்தே விடவில்லை. கோட்டுச்சேரியின் அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் தாமரைச்செல்வி நர்ஸாகச் சேர்ந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே வார்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. டெட்டால் வாடையையும் மீறி ஈரச் சுவரின் வாடை வீசியது. நான்கு கட்டில்களில் ஒன்றில் மட்டும்தான் ஆள்.

நௌஷின். இருபத்தாறு வயது, நிறைமாதம். வலி லேசாகத் தொடங்கியிருந்தது. கணவன் ரிஃபாய் துபாயில் இருந்தான். கூட வந்த மாமியார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

தாமரைச்செல்வி கேஸ் ஷீட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது எத்தனாவது பிரசவம்மா?"

"மொதல்தான் சிஸ்டர்."

"ரெண்டாவது."

சின்னக் குரல். நாலு வயதுப் பெண் குழந்தையின் குரல். அடுத்த கட்டிலின் பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

பார்க்க வந்தவர்கள் யாரோ பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து எழுந்துபோய்த் திரையை விலக்கினாள்.

காலிக் கட்டில்.

குனிந்து அடியிலும் பார்த்தாள். யாருமில்லை. முழங்காலை யாரோ கட்டிக்கொண்டதுபோல ஒரு குளிர் மட்டும் இருந்தது.

திரும்பி வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"கலைஞ்சது, குறைமாசம்னு முன்னாடி ஏதாவது..."

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"ஏழு மாசம்."

இந்தத் தடவை குரல் நௌஷினின் தலைமாட்டிலேயே கேட்டது.

அவளுக்கும் கேட்டுவிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்த்தது.

"வயித்துல இதுக்கு ஏழு மாசம் ஆனதுலேருந்து வீட்டுலயும் கேக்குது," என்றாள் மெதுவாக. "எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு இருந்தேன்."

"யாரு அது?"

"எம் புள்ள." அழுகை முட்டியது. "நாலு வருஷத்துக்கு முன்னாடி, மொத நிக்காஹ்ல, ஏழு மாசத்துல பொறந்துச்சு. பொம்புளப் புள்ள. மூச்சில்லாம, மையத்தாத்தான் வந்துச்சு சிஸ்டர். அந்த நிக்காஹ் முறிஞ்சது இவங்க வீட்டுக்குத் தெரியும். புள்ள பொறந்தது தெரியாது. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு உம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. எழுதிடாதீங்க."

"அப்ப உங்களுக்கு என்ன ஆச்சு?"

"நஞ்சுக்கொடி வரல. ரத்தம் நிக்கல. மூணு பாட்டில் ஏத்துனாங்க. பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம்."

தாமரைச்செல்வி கட்டிலை நெருங்கி உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் அப்படி ஆகலாம்மா. தெரிஞ்சாத்தான் ரத்தம் தயாரா வெச்சுக்க முடியும். ஷீட்டு டாக்டரம்மாவுக்கு மட்டுந்தான். உங்க மாமி கண்ணுல படாது. அதுக்கு நான் பொறுப்பு."

காற்றே இல்லாமல் திரை அசைந்தது. அதன் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கிணுங்கின.

கடைசியில் நௌஷின் தலையாட்டினாள்.

தாமரைச்செல்வி எழுதினாள். கர்ப்பம், இரண்டு. முதலாவது, பெண்.

அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விட்டார்கள். அது அவள் கன்னத்தில் பட்டது.

டாக்டர் ராஜம் ஷீட்டைப் படித்த கையோடு காரைக்காலுக்குப் போன் போட்டு ரத்தம் வரவழைத்தார். ஏழு மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பயந்தபடியே நஞ்சுக்கொடி பிரியாமல் ரத்தம் பெருகியது. கட்டில் விளிம்பிலிருந்து தரையில் சொட்டியது. டாக்டர் கையுறையை இழுத்து மாட்டினார். தாமரைச்செல்வி பாட்டிலை மாட்டினாள். முக்கால் மணி நேரம் போராடி நஞ்சுக்கொடியை எடுத்தார்கள்.

பெருக்கு நின்றது. நௌஷின் கண்ணைத் திறந்து, "தண்ணி," என்றாள்.

அதற்குப் பிறகுதான் தாமரைச்செல்வி குழந்தையிடம் வந்தாள். வெதுவெதுப்பான விளக்கடியில் படுத்துக் கொட்டாவி விட்டான். வலது உள்ளங்கையில் விரலை வைத்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்று முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இடது கை மூடியிருந்தது. அதற்குள்ளும் மெதுவாக விரலை நுழைத்துப் பார்த்தாள்.

நுழையவில்லை.

அந்தப் பிடிக்குள் ஏற்கெனவே இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத, சில்லிட்ட, சின்னஞ்சிறு கை.

அவள் தொட்டதும் அது தம்பியின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டது.