அரசனின் அரை மீசை

சனிக்கிழமை பிற்பகல் பூரணி மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது கதவு மணி விடாமல் அடித்தது. அவளுடைய கணவர் அரியரத்தினம் பத்திரிகையை எறிந்துவிட்டு ஓடினார். மணி அப்படி அடித்தால் வந்திருப்பது ஒரு வழக்கு என்பது அவருடைய நம்பிக்கை. பெரும்பாலும் வருவது தபால் பொதிதான்.

அன்று வந்தவன் யோன். லிஃப்ட் பழுதென்பதால் ஐந்து மாடியும் ஏறி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றான்.

"அக்கா, என்ரை ராசாவின்ரை மீசையை ஆரோ வழிச்சுப் போட்டாங்கள்!"

"முழுசாவோ?" என்றார் அரியரத்தினம். அவருடைய கை சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியைத் தேடத் தொடங்கிவிட்டது.

"பாதி அண்ணை. இடப்பக்கம் மட்டும்."

பூரணி கத்தியை வைத்துவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொல்லப்படும் பொய்களை அதே சுருதியில் பிரெஞ்சுக்கு மாற்றி மாற்றி, எதற்கும் பதறாத ஒரு நிதானம் அவளுக்கு வாய்த்திருந்தது. தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், கோயில் வாசலில் செருப்பு மாறினாலும், கலியாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையின் தோழன் காணாமல் போனாலும் ஆட்கள் அவளிடம்தான் வருவார்கள். அரியரத்தினம் காலையில் பேக்கரியில் வேலை செய்பவர். மீதி நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படிப்பவர். மனைவியின் வழக்குகளில் அவர் இதுவரை பிடித்த குற்றவாளிகள் அனைவரும் நிரபராதிகள்.

"இரு. முதலிலிருந்து சொல்லு," என்றாள் பூரணி.

யோன் சொன்னான். இத்தனை வருடமும் கலியாண வீடும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு தமிழ்த் தொலைக்காட்சி முதல் தடவையாக ஒரு சரித்திர நாடகம் எடுக்க வாய்ப்புக் கொடுத்திருந்தது. வன்னியில் வாழ்ந்ததாக அவனே கற்பனை செய்த ஒரு குறுநில மன்னனின் கதை. ஆர்ஜொந்தெய் புறநகருக்கு அப்பால், படப்பிடிப்புக்காக ஒரு பழைய கல் மாளிகை. அதன் சொந்தக்காரி ஞாயிறும் திங்களும் மட்டும் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். அதன்பின் கூரை திருத்த ஆட்கள் வருகிறார்கள். நாளைக் காலை முதல் காட்சி: மன்னன் குதிரையேறிப் போருக்குப் போகிறான்.

"ராசாவாய் நடிக்கிறது கரிகாலண்ணை. ஏழு மாசமாய் வளர்த்த மீசை, அக்கா! மத்தியானம் சாப்பிட்டிட்டு உள் அறையிலை கொஞ்சம் சரிஞ்சவர். திடீரெண்டு கதவைத் திறந்துகொண்டு வந்து நிக்கிறார், பாதி மீசையோடை. அந்த நிலையிலும் என்ன மனுசன் பாருங்கோ! வாய் திறந்து முதல் சொன்னது, 'யோன், குதிரைக்காரனுக்குப் போன் அடிச்சு நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லு' எண்டுதான். வாயில்லாத சீவன் வீணாய் அலையக்கூடாதெண்ட இரக்கம்!"

"அதுக்குப் பிறகு?"

"பேந்துதான் 'ஐயோ என்ரை மீசை' எண்டு அழத் தொடங்கினவர்."

"ஒட்டுமீசை வைக்கேலாதோ?" என்று கேட்டார் அரியரத்தினம்.

"அவருக்கு அந்தப் பசை ஒத்துக்கொள்ளாது அண்ணை. போன மாசம் ஒட்டிப் பார்த்து, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு. மீசையில்லாத வன்னி ராசாவை ஆர் நம்புவினம்? இது போச்செண்டால் நான் திரும்பவும் சாமத்திய வீடுதான், அக்கா."

பூரணி மரவள்ளிக்கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு மேலங்கியை எடுத்தாள்.

ஒத்திகை நடந்த இடம் பக்கத்துத் தெருவில், ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. முன்னால் ஒரு பெரிய அறை, பின்னால் ஒரு சின்ன அறை. பெரிய அறையில், கலியாண அலங்காரக்காரரிடம் இரவல் வாங்கிய சிம்மாசனத்தில் கரிகாலன் பட்டுடுத்து அமர்ந்திருந்தார். காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவர், ஆனால் அந்த உடையில் உண்மையிலேயே அரசர் போலத்தான் இருந்தார். வலப்பக்க மீசை வாள்போல் மேல்நோக்கி வளைந்து நின்றது. இடப்பக்கத்தைக் கையால் பொத்தியிருந்தார். அந்தக் கைக்கு மேலே, இடக் கன்னத்தில், தோகையோடு ஒரு மயில் பதிந்திருந்தது.

"இதென்ன மயில்?" என்றாள் பூரணி.

"தலையணை," என்றார் கரிகாலன் பரிதாபமாக. "கீழ்க் கடையிலை தந்தது. சரிகை வேலை. நல்லாய் அழுத்திப்போட்டுது."

அவர் படுத்திருந்தபோது யோன் பெரிய அறையில்தான் இருந்தான். உள்ளே போய் வந்தவர்கள் மூன்று பேர். அவர்கள் மூவரும் இப்போது சுவரோரம் வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள்.

முதலாவது ஜோன்சன். பகைவர் தளபதியாக நடிப்பவர். அரசன் வேடம் தனக்குத்தான் வரவேண்டியது என்று லாச்சப்பலின் எல்லாத் தேத்தண்ணிக் கடைகளிலும் சொல்லி வைத்திருந்தார். தலையை நாள்தோறும் மழித்துக்கொள்பவர். அன்று காலை உள் அறையின் முகம் கழுவும் தொட்டியில் மழித்துவிட்டு, சவரக் கத்தியையும் நுரைக் குப்பியையும் அங்கேயே விட்டிருந்தார்.

"வாளெடுக்கத்தான் போனனான்," என்றார் ஜோன்சன். "அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு குறட்டை விட்டவர். நான் மீசையைக் காணவேயில்லை."

இரண்டாவது லோறன்ஸ் என்ற பிரெஞ்சுப் பெண். ஒப்பனைக் கலைஞர். பெட்டி நிறைய ஒட்டுமீசைகள் கொண்டுவந்தவள்; கரிகாலனுக்கு அதில் ஒன்றுகூடப் பயன்படாதென்றதில் அவளுக்கு மனத்தாங்கல். இத்தனை நாளில் அவள் கற்றிருந்த தமிழ்ச் சொற்கள் இரண்டு: மீசை, பிறகு சீக்கிரம் என்று அவசரப்படுத்தும் கெதியா. தான் ஒப்பனைப் பெட்டியை எடுக்கப் போனதாகவும், அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்ததாகவும் அவள் பிரெஞ்சில் சொன்னாள்.

மூன்றாவது தயாளினி, கரிகாலனின் மனைவி. "மீசை குத்துது, ஒரு நாளைக்கு நித்திரையிலை வழிச்சுப் போடுவன்" என்று இந்த அறையில் வைத்தே எல்லோர் முன்னும் சொன்னவள்.

"சொன்னனான்தான். ஆனா செய்யேல்லை," என்றாள் அவள். "பியர்ஃபித் வீட்டிலையிருந்து ரயிலேறி நேரை இஞ்சை வந்து, தேத்தண்ணிப் போத்தலை அவரின்ரை தலைமாட்டிலை வைச்சிட்டு வந்திட்டன். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர்."

அரியரத்தினம் அதற்குள் முழங்காலில் இருந்தார். பூதக்கண்ணாடி தயாளினியின் சப்பாத்தை நெருங்கியது.

"சேறு!" என்றார் உரக்க. "இதென்ன, வைக்கோல்! தங்கச்சி, பியர்ஃபித்திலையிருந்து கோச்சியிலை வந்தால் வைக்கோல் எங்கையிருந்து வரும்?"

தயாளினி சிவந்து போய்க் கால்களைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். "அது... வழியிலை பட்டிருக்கும்."

அரியரத்தினம் எழுந்து மனைவியைப் பார்த்தார். வழக்கு முடிந்துவிட்டது என்ற பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் பூரணி மெதுவாக, "உள் அறையை ஒருக்காப் பார்ப்பம்."

சின்ன அறையில் சுவரோரம் ஒரு மெத்தை, மயில் தலையணை, மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் ஒரு கண்ணாடி. அரியரத்தினம் மெத்தையையும் தலையணையையும் நிலத்தையும் ஒரு சாண் விடாமல் பூதக்கண்ணாடியால் துழாவினார். கடைசியில் ஏமாற்றத்தோடு நிமிர்ந்தார்.

"ஒரு முடிகூட இல்லை, பூரணி."

"நல்லது," என்றாள் அவள். தொட்டியின் அடியிலிருந்த சல்லடையைக் கழற்றினாள். ஜோன்சனின் தலையிலிருந்து விழுந்த நரைத்த தூள்முடிகளின் மேல், கறுத்து நீண்ட முடிகள் நுரையோடு சுருண்டு கிடந்தன. அவள் சல்லடையை மீண்டும் பொருத்திவிட்டுக் கையைக் கழுவினாள். கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து, எல்லோருக்கும் எதிரே ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்தாள்.

"முதல்லை இந்தச் சப்பாத்தை முடிப்பம். தயாளினி, சேறும் வைக்கோலும் மீசையோடை சம்பந்தப்பட்டதில்லை. ஆனா நீங்கள் சொல்லாட்டி இவர் இண்டைக்கு முழுக்க உங்களை விடமாட்டார்."

தயாளினி கணவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மகளைக் குதிரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறனான். சும்மா வேலியிலை நிண்டு பார்த்துக்கொண்டிருந்தன். ஒரு நாள் அங்கத்தைய டீச்சர், 'நீங்களும் ஏறுங்கோவன், மடாம்' எண்டா. இப்ப ரண்டு வருசமாய் ஓடுறன். பாய்ச்சலும் பழகிட்டன். இந்த வயசிலை குதிரையோ எண்டு இவர் சிரிப்பாரெண்டு சொல்லேல்லை."

சிம்மாசனத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரிகாலன் எழுந்து நின்றிருந்தார். கை மீசையை விட்டு நழுவியிருந்தது.

"நீ குதிரை ஓடுவியோ?" என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கிணற்றில் விழுந்தவன் கயிற்றைக் கண்டதுபோல இருந்தது அது.

பூரணி புன்னகைத்தாள். "கரிகாலண்ணை, இனி நீங்களே சொல்லலாம். இல்லாட்டி நான் சொல்லட்டோ?"

கரிகாலன் அப்படியே அமர்ந்துவிட்டார்.

"மூண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் சொன்னவை," என்றாள் பூரணி. "இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர். மயிலும் இடக் கன்னத்திலைதான் பதிஞ்சிருக்கு. அப்ப இடப்பக்க மீசை தலையணைக்குள்ளை புதைஞ்சு கிடந்திருக்கு. நித்திரை கொள்ளுற ஆளை எழுப்பாமல் அந்தப் பக்கத்தை ஆர் வழிக்கேலும்? மேலை கிடந்த வலப்பக்கத்தையெல்லோ வழிச்சிருப்பினம்?"

"நித்திரையிலை திருப்பியிருக்கலாமே?" என்றார் அரியரத்தினம், விட மனமில்லாமல்.

"திருப்பி, நுரை பூசி, வழிச்சு, பேந்து பழையபடி திருப்பிப் படுக்க வைச்சவையோ? தலையணையிலை ஒரு முடியும் இல்லையெண்டு நீங்கள்தான் கண்டுபிடிச்சனீங்கள். முடியெல்லாம் தொட்டிக்குள்ளை கிடக்கு. வழிச்ச ஆள் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டுதான் வழிச்சிருக்கு."

ஜோன்சன் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப இவர் தானேதான்..." என்று இழுத்தார்.

"இன்னும் ஒண்டு இருக்கு. மீசையிலை பொறாமை உள்ள ஆள் முழுசாய் வழிச்சிருக்கும். வெறுப்புள்ள ஆளும் முழுசாய்த்தான் வழிச்சிருக்கும். பாதியிலை கத்தி நிக்கிறது அதிலை ஆசை வைச்சிருந்த ஆளுக்குத்தான். ஏழு மாசம் வளர்த்தவருக்கு மற்றப் பாதியை வழிக்க மனம் வரேல்லை."

"ஆனா ஏன், அக்கா?" என்றான் யோன் தவிப்போடு.

"அதை அவர் வெளியிலை வந்தவுடனை சொல்லிட்டார். நீ இரக்கமெண்டு நினைச்சிட்டாய். மீசை போன மனுசன் மீசையை நினைச்சுத்தான் கத்துவான். இவர் குதிரையை வரவேண்டாமெண்டார். மாளிகைக்காரிக்குச் சொல்லு எண்டு சொல்லேல்லை. கமராக்காரருக்குச் சொல்லு எண்டும் சொல்லேல்லை. குதிரை ஒண்டைத்தான் நிப்பாட்டப் பார்த்தவர்."

கரிகாலன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"யோன், என்னை மன்னிச்சுக்கொள். ஊரிலை குதிரை ஓடினனான் எண்டு உன்னட்டைச் சும்மா அளந்திட்டன். நெடுந்தீவிலை நிண்ட குதிரைகளைத் தூரத்திலை பார்த்ததோடை சரி. போன கிழமை நீ அந்தக் குதிரையின்ரை படம் அனுப்பினாய். அந்த நாளிலையிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. இண்டைக்குக் கண்ணை மூடினால் அது கனவிலை வந்து நிக்குது. எழும்பினன், தொட்டியிலை கத்தி கிடந்தது. மீசையில்லாட்டி ஷூட்டிங் தள்ளிப்போகும் எண்டு நினைச்சன். பாதி வழிச்சாப் பிறகு கண்ணாடியைப் பார்த்தன். மற்றதிலை கை வைக்கேலாமல் போச்சு."

ஜோன்சன்தான் முதலில் சிரித்தார். கடைசியில் யோனும் சிரித்தான், ஆனால் அவன் கண்கள் கலங்கியிருந்தன. "இப்ப நான் என்ன செய்யிறது? பாதி மீசையோடை ஒரு ராசா. குதிரை ஏறவும் மாட்டார்."

பூரணி நடந்ததையெல்லாம் பிரெஞ்சில் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த லோறன்ஸ், எழுந்து கரிகாலனின் தாடையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள். அவருடைய வலப்பக்கத்தைத் தலை சாய்த்துப் பார்த்தாள். காசில் பொறித்த அரசனைப் போல, மூக்கும் மீசையும் கம்பீரமாக நின்றன. பிறகு தன் பெட்டியைத் திறந்து, கறுத்த மீசை ஒன்றை எடுத்து, தயாளினியின் மேலுதட்டில் வைத்துப் பார்த்தாள்.

"கெதியா," என்றாள் யோனிடம்.

மறுநாள் காலை மாளிகையின் புல்வெளியில் குதிரை வந்து நின்றது. யோன் காட்சிகளை எல்லாம் மாற்றியிருந்தான். அரசன் அவையில் அமர்ந்தாலும், அமைச்சரோடு கதைத்தாலும், கண்ணீர் விட்டாலும், வலப்பக்கம் மட்டுமே கமராவுக்குத் தெரிந்தது. அது அரசனுக்கு எல்லோரிடமிருந்தும் விலகித் தூரத்தில் இருப்பது போன்ற ஒரு தோரணையைக் கொடுத்தது. தூரக் காட்சியில், பட்டும் தலைப்பாகையும் மீசையுமாகத் தயாளினி குதிரையில் பாய்ந்து வந்தாள். அவளைத் துரத்த வேண்டிய தளபதி ஜோன்சன், வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றதால் அதை இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று.

கரிகாலன் ஒரு மரத்தின் பின்னால் நின்று அதையெல்லாம் பார்த்தார். பார்த்த பாதி நேரம் கண்ணை மூடியிருந்தார்.

இடைவேளையில் அரியரத்தினம் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பிறை வடிவக் குறுவாசான் பணிஸ்களை எல்லோருக்கும் கொடுத்தார். தயாளினி குதிரையை விட்டிறங்கி, வியர்த்து, மூச்சிரைத்து, கணவனுக்கருகில் புல்லில் வந்து அமர்ந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனாள். ஒட்டுமீசையின் நுனிகள் அதற்குள் தோய்ந்தன.

"இதோடை எப்பிடியப்பா நீங்கள் குடிக்கிறனீங்கள்?"

கரிகாலன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இரண்டு விரல்களால் அவளுடைய மீசையின் ஓரத்தை மெல்ல உயர்த்திப் பிடித்தார்.

"இப்பக் குடி," என்றார்.