வரேன்காரன்

மற்ற பேச்சுக் குமிழிகளிலெல்லாம் மை காய்ந்துவிட்டது. பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு குமிழியில் மட்டும், மதியம் எழுதிய எழுத்து மாலையாகியும் விரலில் ஒட்டியது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிப் பார்த்தாள், மையொற்றும் தாளை வைத்துப் பார்த்தாள், பொறுமையிழந்து வாயால் ஊதியும் பார்த்தாள். 'வரேன்' என்ற அந்த ஒற்றைச் சொல் இப்போதுதான் எழுதியதுபோலப் பளபளத்துக்கொண்டு அவள் உயிரை வாங்கியது.

சித்திரக்கதைகளில் பேச்சுக் குமிழி போட்டு உள்ளே வசனம் எழுதுவது அவள் தொழில். அதனால் அச்சகத்திலிருந்து வாசகர்கள் வரை எல்லோருக்கும் அவள் எழுத்தக்கா. வரேன்காரனைப் படைத்தவன் அவளுடைய அண்ணன். நீண்ட கறுப்பு அங்கி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கதை முழுக்க ஊமையாக நடந்துவிட்டு, கடைசியில் ஒரு கதவருகே நின்று 'வரேன்' என்பான். அவன் யார், எங்கிருந்து வந்தான் என்று அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் அம்மாவிடம் அதே சொல்லைச் சொல்லிவிட்டு வெளியே போனவன் திரும்பி வரவே இல்லை.

அன்றிலிருந்து வாசகர்களுக்குக் கொண்டாட்டம். வரேன்காரன் ஆற்றில் மூழ்கிய படகுக்காரனின் ஆவி என்றது ஒரு கட்சி. தீப்பிடித்த ஆலைக்குள் மாட்டிக்கொண்ட காவலாளி என்றது இன்னொன்று. இரண்டுக்கும் இணையத்தில் ஓயாத அடிதடி. பிறகு முளைத்ததுதான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிய ஊகம்: வரேன்காரன் வேறு யாருமில்லை, காணாமல்போன ஓவியரேதான், தன் படத்துக்குள்ளேயே போய்விட்டார். ஒரு வீட்டின் துக்கத்தை விடுகதையாக்கி விளையாடுகிறார்களே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பதிப்பாசிரியரோ அதையே கடைசி இதழுக்குக் கதையாக்கி, ஒரு புது ஓவியரிடம் கொடுத்து வரையவும் வைத்துவிட்டார்.

அவர்தான் முதலில் தொலைபேசியில் வந்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"மை காயல சார்."

"எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன், இது புதுசா இருக்கே!"

அடுத்து வந்தது பூதக்கண்ணாடி. ஒவ்வொரு கட்டத்தையும் துருவித் துருவிப் பார்க்கும் ஒரு வாசகனுக்கு அவள் வைத்த பெயர் அது.

"அக்கா, வெச்சிடாதீங்க. குமிழியோட வாலைப் பாத்தீங்களா?"

"யார் பேசறாங்களோ அவங்களைக் காட்டத்தாம்பா வால். நான்தானே போடறேன், எனக்குத் தெரியாதா?"

"ஆனா அது வரேன்காரனைக் காட்டவே இல்லக்கா. எல்லா இதழ்லயும் கதவைத்தான் காட்டுது. பேசறது அவன் இல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது. கிளம்பறவன் வரேன்னு சொன்னா, போறான்னு அர்த்தம். வெளிய நிக்கிறவன் வரேன்னு சொன்னா?"

"உனக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டாளே தவிர, கை சும்மா இருக்கவில்லை. பழைய இதழ்களை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். அண்ணன் பென்சிலால் குறித்துக் கொடுத்த இடத்தில் இத்தனை காலமும் யோசிக்காமல் வால் போட்டவள் அவளேதான். அந்தக் கதவும் இந்த வீட்டு வாசல் கதவு. வேறொன்றைக் கற்பனை செய்யச் சோம்பல்பட்டு, கீழ்ப்பலகையின் ஒட்டு உட்பட அப்படியே வரைந்திருந்தான். முதல் இதழில் அது மூடியிருந்தது. அடுத்ததில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அதற்கடுத்ததில் கை நுழையும் அளவு. மேசைமேல் கிடந்த, புது ஓவியர் வரைந்த பக்கத்தில் பாதி திறந்திருந்தது. பழைய இதழைப் பார்த்து வரைந்திருப்பார், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முன்னறையில் அம்மாவின் நாற்காலி கிரீச்சிட்டது. கண்ணில் புரை விழுந்தும் அம்மா வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். "தாழ்ப்பாள் போட்டா அவன் எப்படி உள்ள வருவான்?" என்பாள்.

எழுத்தக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசகர்கள் மேல், பதிப்பாசிரியர் மேல், எல்லோரையும்விட அண்ணன் மேல். ஒரு சொல்லைச் சொல்லி அம்மாவை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிட்டுப் போனவன்! பிளேடை எடுத்து 'வரேன்' என்பதைச் சுரண்டித் தள்ளினாள். அந்த இடத்தில் அழுத்தி எழுதினாள்: 'வந்துட்டேன்.'

போதும். வந்துவிட்டான், கதை முடிந்தது, இனி எவனும் கேட்க முடியாது.

பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்குள் மை காய்ந்திருந்தது.

வாசல் பக்கம் கதவின் ஒட்டுப்பலகை தரையில் உரசியது. மெதுவாக. முழுவதுமாக. பிறகு வாசனை. ஈர மையின் வாசனை, மேசையிலிருந்து அல்ல, முன்னறையிலிருந்து.

"வந்துட்டியாப்பா?" அம்மாவின் குரல்.

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது.

"ஏன் வாசல்லயே நிக்கற? உள்ள வா."

வேண்டாம்மா என்று கத்த வாய் திறந்தாள். கண் மேசைமேல் இருந்த பக்கத்தில் விழுந்தது. கட்டத்துக்குள் கதவு அகலத் திறந்து கிடந்தது. அருகில் யாரும் இல்லை. குமிழியின் வால் கட்டத்தைத் தாண்டியிருந்தது. தாளைத் தாண்டி, மேசை மரத்தின் மேல் கறுப்பாக ஓடி, முன்னறையைக் காட்டியது.

எழுந்தாள். சுவரைப் பிடித்தாள். நடந்தாள்.

அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள். அவள் எதிரே நீண்ட கறுப்பு அங்கி ஒன்று, தரையில் மை சொட்டச் சொட்டக் குனிந்து நின்றது. அம்மாவின் இரண்டு கைகளும் அதன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"என்னப்பா," என்றாள் அம்மா, "இப்படி இளைச்சுட்ட?"

நெற்றியிலிருந்து தாடைவரை, எங்கும் எதிலும் தடுக்காமல், அவளுடைய விரல்கள் அந்த வெள்ளையின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கின. பிறகு மறுபடியும் மேலே போய்த் தேடின.