கிடைக்காத நுனி

தேநீர் இடைவேளையில் எல்லாத் தையல் இயந்திரங்களையும் நிறுத்திய பிறகும் எங்கோ ஒன்று மட்டும் தைத்துக்கொண்டிருந்தது. டிக், டிக் என்று, அவசரமே இல்லாமல், ஒரே சீராக. அவள் வரிசை வரிசையாகப் பார்த்தாள். எண்ணெய் வாடையும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்து கிடந்த அந்தக் கூடத்தில் ஆளில்லாத நாற்காலிகள்தான் இருந்தன. காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அவள் ஊசி உடைந்த நாளிலிருந்து இப்படித்தான். குழந்தைச் சட்டை தைக்கும் ஆலை அது. ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் மொத்த வரிசையும் தரையில் தவழ்ந்து தேட வேண்டும். அவளுக்கு நுனி கிடைக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அத்தனை முகங்களும் தன்னை முறைப்பதை நினைத்துப் பார்த்தாள். இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய நுனியை ஒட்டிக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளரும் தலையாட்டிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனசு விடுமா? அந்த நுனி எந்தச் சட்டையில் இருக்கிறது, கழுத்திலா, அக்குளிலா, அதைப் போடப்போகும் குழந்தைக்கு வாய் பேசக்கூடத் தெரியாதே, அழுதால் பசி என்றல்லவா நினைப்பார்கள் என்று இதையே போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லும்போதெல்லாம் தாடைக்குள் டிக் என்றது. உதட்டோரம் இன்னும் கொஞ்சம் மரத்தது. பயமும் மரத்துப்போய், வேறு யாருடைய பயத்தையோ பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

வாசலில் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. பெட்டிகள் ஏறப்போகின்றன.

அவள் எழுந்து, அதே ஆலையில் வேலை பார்க்கும் தன் அக்காவிடம் போனாள். பெட்டி கட்டுமுன் சட்டைகளை ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் விட்டு எடுப்பது அக்காவின் வேலை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"ஒண்ணு..." டிக். மீதியை விழுங்கினாள். "பயமா இருக்குக்கா. என்னால முடியல."

அக்கா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அக்காவின் காதுக்குக் கீழே முகம் புதைத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"லூசு, இத்தனையும் தனியாவா சுமந்த? வா, நானும் வரேன். சொல்லிடலாம்."

சொன்னார்கள். மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார், ஆனால் லாரியை நிறுத்தினார். பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு சட்டையையும் மறுபடி உள்ளே விட்டார்கள். இயந்திரம் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

"பாத்தியா? எதுலயும் இல்ல. இனிமே எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு."

டிக் சத்தம் நின்றிருந்தது. உதட்டோரத்துக்கு உணர்ச்சி திரும்பியது. அழுகை வந்தது. எத்தனை நிம்மதி!

அப்போதுதான் அதைப் பார்த்தாள். அவள் முகம் புதைத்திருந்த இடத்தில், அக்காவின் காதுக்குக் கீழே, ஒரு ரோஸ் நிற நூல். தையல்காரியின் கை பிசிறைக் கண்டால் சும்மா இருக்காது. பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அக்காவின் கன்னம் துணிபோலச் சுருங்கியது. உதட்டோரம் காதை நோக்கி நகர்ந்தது.

அக்கா அவள் தலையை வருடிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

நூலை விட்டாள். கன்னம் விரியவில்லை. நூல் தானாக உள்ளே போனது. அக்காவின் தாடைக்குள் டிக் என்றது. கீழுதட்டில் ஒரு தையல். மேலுதட்டில் ஒன்று. நெருக்கமாக இன்னொன்று.

"அழாதடி," என்றாள் அக்கா, திறந்திருந்த மீதி வாயால்.