இருபத்திரண்டு நாட்களுக்குக் காரணம்

சாவி டீ தம்ளருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"எடுத்துக்கோ! பொட்டியில தான் கீது உன் காகிதம்லாம். ஏதோ இன்னும் ஒரு வழி கீதுன்னு அந்த டைப்பிங் கடை ரத்தினம் சொல்றான். போய்ப் பாப்போம். ஆனா ஒண்ணு... உன்ன நம்பி இனிமே எவன் கிட்டயும் நான் வாய வுடமாட்டேன்!"

நாகப்பன் டீயைத் தொடவில்லை. தாயாரம்மாள் குனிந்து சாவியை எடுத்தாள். கணவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசிப் பன்னிரண்டு நாளாகிறது. இன்று பேசியதையும் பேச்சு என்று சொல்வதற்கில்லை.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஓரகத்தி மெர்சி, தன் பங்குக்கு மெல்லிய குரலில் சொன்னாள். "மாமா மேல தப்பு சொல்ல முடியாதுக்கா. காலனி முழுக்க 'என் பொண்டாட்டி வுடமாட்டா'ன்னு சொல்லிக்கினு இருந்தாரு. நீங்க போயி... தேதியவே மறந்துட்டேன்னா?"

"ஆமாம்மா... மறந்துட்டேன்" என்றாள் தாயாரம்மாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் இந்தப் பொய்யை மட்டும் நெல் அவிக்கிற பக்குவத்தோடு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வந்தாள்.

விஷயம் இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் தாயாரம்மாள் பதினான்கு வருஷமாக ரெக்கார்டு கிளார்க். துறைத் தேர்வு எழுதித் தேறியவள். இளநிலை உதவியாளர் பதவி காலியானபோது பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பதவி போனதோ, அவளுக்கு ஆறு வருஷம் பின்னால் வேலைக்கு வந்த பாபுவுக்கு. ஏன் என்று கேட்டதற்குக் கண்காணிப்பாளர் தாண்டவராயன் சிரித்தார். "உனக்கு எதுக்கும்மா மேசை, நாற்காலி? உங்க ஆளுங்களுக்குத் தூசி தட்டுற வேலைதான் ஒத்து வரும்" என்றார். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தட்டில் டீ வரும். காலனிக்காரியான அவளுக்கு மட்டும் தனித் தம்ளர், ரெக்கார்டு அறை ஜன்னலில். பதினான்கு வருஷம் அதையும் பொறுத்தவள், இதைப் பொறுக்கவில்லை.

'பதவி உயர்வுக்குப் பொருத்தமற்றவர்' என்ற ஆணை ஜனவரி மாதம் அவள் கைக்கு வந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இரண்டு மாதம் கெடு. அந்த மனுவையும் உரிய வழியில், அதாவது அதே தாண்டவராயன் கையில்தான் கொடுக்க வேண்டும்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பது இதுதான். மனுவோடு பணிமூப்புப் பட்டியலின் நகல் வைக்க வேண்டும். அந்தக் கோப்பைக் கட்டி அடுக்கியவளே அவள்தான். ஆனால் நகல் எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். "நாளைக்கு வாம்மா, நாளைக்கு வாம்மா" என்று எட்டு வாரம் இழுத்து, கெடுவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கொடுத்தார்.

அப்புறம் கெடு தாண்டிவிட்டது. 'மார்ச் பதினஞ்சாம் தேதியே முடிஞ்சிடுச்சி, மறந்துட்டேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டாள். முந்தாநாள் அவள் மறுபடி காகிதங்களை எடுத்ததும், கோபத்தில் நாகப்பன் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். இரண்டு நாள் கழித்து இன்றுதான் அது வெளியே வந்திருக்கிறது.

இருவரும் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினார்கள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

ரத்தினம் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஸ்ரீபெரும்புதூரில் டைப்பிங் கடை போட்டிருந்தார். தாயாரம்மாள் ஸ்டூலில் உட்கார, நாகப்பன் வாசல் பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கெடு தாண்டினாலும், தாமதத்தை மன்னிக்கணும்னு தனியா ஒரு மனு குடுக்கலாம்மா. ஆனா ஒவ்வொரு நாளைக்கும் காரணம் சொல்லணும். எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாளுக்கும்."

"ஒவ்வொரு நாளைக்குமா?"

"ஆமா. நடுவுல புனித வெள்ளி லீவு வந்திச்சே, அந்த நாளுக்கும் கேப்பான்! இன்னிக்கு விட்டா ரெண்டாவது சனி, ஞாயிறு. திங்கக்கிழமை போனா இன்னும் மூணு நாளுக்குச் சேத்து எழுதணும். சொல்லு, ஏன் தாமதம்?"

"மறந்துட்டேங்க..."

ரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "மறதியைச் சட்டம் மன்னிக்காதும்மா. நோவு, சாவு, வெள்ளம்... இப்படி ஏதாவது சொல்லு. 'மறந்துட்டேன்'னு நான் டைப் அடிச்சா, தாண்டவராயன் அதுக்கு மேலயே ஸ்வீட் வெச்சித் தின்னுவான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரத்தினம் ஆணையை எடுத்துப் புரட்டினார்.

"வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போட்டது ஜனவரி இருபத்தொண்ணு. ரெண்டு மாசம்... மார்ச் இருபத்தொண்ணு. இன்னிக்கு ஏப்ரல் பன்னெண்டு. ஆக, இருபத்திரண்டு நாள்."

பெஞ்சில் இருந்த முதுகு திரும்பியது.

"இன்னாது? பதினஞ்சாம் தேதின்னு சொன்னியே!"

"பதினஞ்சு ஏதுய்யா? இருபத்தொண்ணு, வியாழக்கிழமை" என்றார் ரத்தினம்.

நாகப்பன் எழுந்து உள்ளே வந்தான். அந்த வியாழக்கிழமையை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அவன் தம்பி, சித்தப்பா மகன் ரகு லாரி எடுத்துக்கொண்டு பெங்களூர் போயிருந்த நாள். ரகுவின் மனைவி மெர்சிக்கு வலி கண்ட நாள். மதம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளைப் பெற்றவர்கள் தலை முழுகிவிட்டார்கள். அவளுக்குத் தாயும் அக்காவும் தாயாரம்மாள்தான்.

"அன்னிக்குக் காலையில நீ மனு எடுத்துக்கினு போனியா?"

அவள் பையின் காதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு தாயாரு!"

"போனேங்க... சத்திரம் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருந்தேன். பெரும்புதூர் பஸ்ஸு வந்து நின்னுது. படியில கால வெக்கிறேன்... பக்கத்து வூட்டுப் பொண்ணு ஓடியாந்து, 'மெர்சிக்குத் தண்ணி ஒடஞ்சிடுச்சி, மயக்கமா கீது'ன்னா. எறங்கிட்டேன். அவள இட்டுக்கினு காஞ்சிபுரம் பஸ் ஏறிட்டேன். ஆபரேஷன் பண்ணாதான் ரெண்டு உசிரும் தேறும்னாங்க. மனு பையிலயே கெடந்துது. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஞாபகம் வந்துது..."

"அத வுட்டுட்டு எதுக்குடி பதினஞ்சுன்னு பொய் சொன்ன? எதுக்கு மறந்துட்டேன்னு சொன்ன? நான் உன்ன எத்தினி பேச்சு பேசினேன்!"

தாயாரம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டப்புள்ள பொறந்த நேரம்னு சொல்லுவாங்களே... பெரியம்மா பதவிய முழுங்கிட்டுப் பொறந்தவன்னு சொல்லுவாங்களே! ஊர் வாய நான் மூட முடியுமா? உங்கள இன்னான்னு கூப்ட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நாகப்பன் பிறந்த வாரத்தில் அவன் அப்பன் பாம்பு கடித்துச் செத்தார். 'அப்பனை முழுங்கினவன்' என்றுதான் அவனை ஊர் வளர்த்தது. நாற்பத்தெட்டு வயசாகியும் இன்றுவரை தாலி கட்டுகிற நேரத்தில் பந்தலின் பின்பக்கம் போய் நின்றுகொள்வான். தன் தம்பி கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றான். அதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"நம்ம வூட்ல இன்னொரு கொழந்த அந்தப் பேச்சைக் கேக்கக் கூடாதுங்க. என்ன யாரு வேணா திட்டட்டும். நான் கெழவி ஆவப் போறவ..."

நாகப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடென்று கடையை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

"நடந்ததை எழுதிடலாமா? ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தா கேஸ் நிக்கும்மா!" என்றார் ரத்தினம்.

"வேணாம் சார். அது ஆபீசுக் காகிதம். நாளைக்குப் பத்துப் பேரு படிப்பாங்க. பாபு படிப்பான், டீ குடுக்கிறவன் படிப்பான். சத்திரம் வரைக்கும் பேச்சு வந்துடும்." எழுந்தாள். "என் பதவி போனது போவட்டும்."

"பதினாலு வருஷம்மா!"

"எனக்கும் எண்ணத் தெரியும் சார்" என்றாள் அவள். முதல்முறையாக அவள் குரலில் கோபம் இருந்தது. பின்னே? தப்பு செய்தவன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். தப்பு செய்யாதவள்தான் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது! காகிதங்களைப் பையில் போட்டாள். போகவும் மனசில்லை, இருக்கவும் மனசில்லை. அந்த ஸ்டூலிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று.

மூன்று மணிக்கு வாசலில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

மெர்சி! வயிற்றுத் தையல் ஆறாத உடம்பு, தலையில் துணிக்கட்டு, மார்போடு குழந்தை. பின்னால் நாகப்பன்.

"அடிப்பாவி! இந்த வெயில்ல இந்த ஒடம்போட பஸ்ல வந்தியா? இன்னாங்க, உங்களுக்கு அறிவு கீதா?"

"அவரத் திட்டாதீங்க. நாந்தான் வந்தேன்!" மெர்சி மடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து டைப்ரைட்டர் மேல் வைத்தாள். "எழுதுங்க சார். என் பேரு எழுதுங்க, என் பொண்ணு பொறந்த தேதி எழுதுங்க, மணி கூட எழுதுங்க!"

"மெர்சி, உனக்குத் தெரியாது... ஊரு..."

"ஊரு கெடக்குதுக்கா! காலையில கூட உங்கள நான் கேட்டேனே... தேதிய மறந்துட்டீங்களான்னு கேட்டேனே! என் வாயி அழுவ! அதக் கேட்டுக்கினு நின்னீங்களே, ஒரு வார்த்த திருப்பிச் சொன்னீங்களா?" அழுகையில் அவளுக்கு மூச்சு முட்டியது. "பெரியம்மா வேலைய முழுங்கினவன்னு எவளாவது சொல்லட்டும். 'நீ பொறக்கணும்னு உங்க பெரியம்மா பஸ்ஸ வுட்டு எறங்கினாங்கடி'ன்னு நான் சொல்லி வளக்கறேன். எந்தப் பேச்சு நிக்குதுன்னு பாக்கலாம்!"

தாயாரம்மாள் அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு நாளாக அடக்கி வைத்த அழுகை அது. கடைக்கு வந்திருந்த யாரோ ஒருவர் சங்கடப்பட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ரத்தினம் தாளைச் சொருகினார். நாள் நாளாகச் சொல்லச் சொல்ல விசைகள் தடதடத்தன. மார்ச் 21, பிரசவம், அறுவை சிகிச்சை. 22 முதல் 31 வரை, மருத்துவமனையில் உடனிருந்தது, வேறு பெண் துணை இல்லை. ஏப்ரல் 1 முதல் 9 வரை, குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு மறுபடி மருத்துவமனை. கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்த இரவுகளுக்கெல்லாம் ஒரே ஒரு வரிதான்.

"பத்தும், பதினொண்ணும்? அந்த ரெண்டு நாள் ஆபீசுக்குப் போயிருக்கியே. ஏன் குடுக்கல?"

தாயாரம்மாள் தடுமாறினாள். "அது... ஒடம்பு சரியில்லன்னு..."

"பொய் எழுதாதய்யா" என்றான் நாகப்பன். "நான் காகிதத்தைப் பூட்டி வெச்சிருந்தேன். என் பேர எழுது."

"அதெல்லாம் எதுக்குய்யா? 'குடும்பச் சூழ்நிலை'ன்னு போட்டுக்கலாம்."

"வேணாம். புருஷங்காரன் நம்பல, பொட்டியில போட்டுப் பூட்டிட்டான்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன். இவ எங்க எல்லாருக்காவும் தலை குனிஞ்சா. நான் ஒரு தாள்ல குனியக் கூடாதா?" துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். "என்ன மன்னிச்சிடு தாயாரு..."

"இன்னாங்க இது, எல்லாரும் பாக்கறாங்க... அழாதீங்க" என்றாள் அவள், தானும் அழுதுகொண்டே.

ஐந்தேகாலுக்கு அவள் தாண்டவராயன் மேசை முன்னால் நின்றாள். பின்னால் நாகப்பன் நின்றான். தாண்டவராயன் நிதானமாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பிச் சிரித்தார்.

"பெத்தது நீயா? ஓரகத்தி பெத்ததுக்கு நீ கெடு கேக்கற? பாவம், புள்ள பொறந்த நேரம் சரியில்ல போல!"

அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாகப்பனின் கை முஷ்டியாயிற்று. தாயாரம்மாள் அந்தக் கையைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நேரம் நல்ல நேரம்தான் சார். அன்னிக்கு நான் இந்த மேசைக்கு வந்திருந்தா ரெண்டு உசிரு போயிருக்கும். நகலை நீங்க ஒரு நாள் முன்னாடி குடுத்திருந்தா, இந்த இருபத்திரண்டு நாளே வந்திருக்காது. அதையும் கடைசிப் பக்கத்துல எழுதிக் கீது, படிங்க. படிச்சிட்டு, வாங்கிக்கினேன்னு தேதி போட்டு முத்திரை குத்துங்க."

"மேல அனுப்பினாலும் தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும் சார். முத்திரை."

அவர் சிரிப்பு போய்விட்டது. கடைசிப் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். தேதி அழுத்தமாக விழுந்தது.

வெளியே, காம்பவுண்டு நிழலில் மெர்சி குழந்தையோடு காத்திருந்தாள். தாயாரம்மாள் முத்திரை விழுந்த நகலை அவளிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"எத்தினி நாள்ல பதில் சொல்வாங்களாம்?" என்று கேட்டான் நாகப்பன்.

"அதுக்குக் கெடு கெடையாதுங்க. கெடுல்லாம் நமக்குத்தான்."

"அப்ப இவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் இழுப்பாங்க போல கீதேக்கா!"

"இழுக்கட்டும்டி" என்றாள் தாயாரம்மாள், குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடியபடி. "கையப் புடிச்சி இவளப் பள்ளிக்கூடத்துல வுட்டுட்டு, அப்படியே இங்க வந்து கேப்பேன்."

சத்திரம் போகிற பஸ் வந்தது. மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.